ஹால் டிக்கெட் நாளில் வருகைக் கணக்கா?

2023 மார்ச் 13 அன்று தமிழகத்தில் பிளஸ் டூ பொதுத்தேர்வு தொடங்கியது. முதல் நாள் மொழிப்பாடம். தமிழ்ப் பரீட்சைக்குப் பயந்து யாரும் வீட்டில் உட்கார்ந்துவிடுவதில்லை. கணக்கு, இயற்பியல் என்றால் வேறு கதை. ஆனாலும் அன்று மாநிலம் முழுக்கத் தேர்வறைக்கு வராதவர்கள் சுமார் 50,000 பேர். மேசையில் பதிவெண் ஒட்டியாகிவிட்டது, வினாத்தாள் கட்டு வந்து இறங்கிவிட்டது, ஆளைக் காணோம். அந்த வாரம் முழுக்க எங்கும் இதே பேச்சுதான்.

காரணங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. அந்தப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு படித்தது கொரோனா காலத்தில். 2021இல் தேர்வே நடக்காமல் எல்லோரும் தேர்ச்சி. பிளஸ் ஒன்னில் பொதுத்தேர்வை நேருக்கு நேர் சந்தித்தபோது தடுமாறியவர்கள் உண்டு. ஐடிஐ, பாலிடெக்னிக் என்று போய்ச் சேர்ந்த பிறகும் பள்ளிப் பதிவேட்டில் பெயர் மட்டும் தங்கிவிட்டவர்கள் உண்டு. வேலைக்குப் போய்விட்டவர்கள் உண்டு. இப்படிப் போனவர்கள் மார்ச் மாதத்துக்கு வெகுநாள் முன்பே வகுப்பறையை விட்டுப் போயிருந்தார்கள். பள்ளிக்கு அது தெரியும். ஊருக்குத்தான் அன்று தெரிந்தது.

உடனே எழுந்த குரலும் பழக்கப்பட்டதுதான்: 75 சதவீத வருகை இல்லாதவனுக்கு ஹால் டிக்கெட் கொடுக்காதே. விதி புதிதல்ல. சிபிஎஸ்இ பள்ளிகளிலும் அதே 75 சதவீதம்தான். உடல்நலக் குறைவு, விளையாட்டுப் போட்டி போன்ற காரணங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு என்று அந்த வாரியம் 2024 அக்டோபரில் மறுபடி நினைவூட்டியது. இலங்கையில் உயர்தரப் பரீட்சைக்குப் பள்ளி வழியாகத் தோற்ற 80 சதவீத வரவு வேண்டும். ஒரு எல்லைக்கோடு எல்லா இடத்திலும் இருக்கிறது. அந்தக் கோட்டை எப்போது நினைவுகூர்கிறோம் என்பதில்தான் சிக்கல்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கல்வியாண்டில் வேலை நாட்கள் ஏறத்தாழ 210. ஒரு மாணவன் ஜூனிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் தவறாமல் மட்டம் போடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு முடிவில் அவன் வருகை 80 சதவீதம். விதிப்படி அவனிடம் எந்தக் குறையும் இல்லை. ஹால் டிக்கெட் வாங்கிக்கொண்டு கம்பீரமாக நடக்கலாம். ஆனால் வாரத்தின் முதல் நாள் ஆசிரியர் தொடங்கும் பாடம் எதையும் அவன் தொடக்கத்திலிருந்து கேட்டதில்லை. இன்னொரு பிள்ளை பல மாதம் ஒழுங்காக வந்துவிட்டு, டெங்குவில் படுத்து, பிறகு வீட்டில் ஒரு சாவு விழுந்து, 55 நாள் வர முடியாமல் போகிறது. அந்தப் பிள்ளைதான் மருத்துவச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு விலக்குக் கேட்டு அலைய வேண்டும். சதவீதத்துக்கு இந்த இருவரையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. வகுப்பாசிரியருக்குத் தெரியும்.

திங்கட்கிழமை மட்டம் என்பது கற்பனைக் கணக்கும் அல்ல. முகூர்த்த மாதங்களில் உயர்நிலைப் பள்ளிகளில் பாடம் எடுப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். வைகாசி, ஆவணி, தை என்றால் பையன்கள் கேட்டரிங் வேலைக்குப் போவார்கள். சனிக்கிழமை மதியமே மண்டபத்துக்குப் போய் மேசை போட்டு, பேப்பர் ரோல் விரித்து, இரவு ரிசப்ஷன் பந்தி, மறுநாள் காலை டிபன், மதியச் சாப்பாடு என்று ஓடிவிட்டு ஞாயிறு மாலை வீடு திரும்பினால் திங்கள் காலை எழ முடியாது. கையில் சில நூறு ரூபாய் இருக்கும். அதில் பாதி அம்மாவுக்கு, மீதியில் போன் ரீசார்ஜ். இந்தப் பையனைப் பார்த்து “படிப்புல அக்கறை இல்ல” என்று சொல்லிவிடுவது சுலபம். அவன் 12 வயது வரை ஒழுங்காகத்தான் வந்திருப்பான். ஒரு முழு வாளி சாம்பாரைத் தூக்கும் தெம்பு வந்த பிறகுதான் திங்கட்கிழமைகள் கழன்று போயின.

பெண் பிள்ளைகளின் விடுப்பு வேறு ரகம். அம்மா நூறு நாள் வேலைக்குப் போன நாளில் தம்பிக்குக் காய்ச்சல் வந்தால் யார் வீட்டில் இருப்பது என்ற கேள்வியே எழுவதில்லை. மாதவிலக்கு நாட்களில் பள்ளிக் கழிவறையில் தண்ணீர் வருமா வராதா என்பதைப் பொறுத்தும் வருகை இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசு வேலை குவியும் தீபாவளிக்கு முந்தைய மாதங்கள், திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு ஆர்டர் குவியும் மாதங்கள், நிலக்கடலை பறிக்கும் ஊர்களில் அந்தச் சில வாரங்கள் என்று ஊருக்கொரு பருவம் உண்டு. உள்ளூர் ஆசிரியருக்கு இந்த நாட்காட்டி மனப்பாடம். வருகைப் பதிவேட்டில் மட்டும் இவை எல்லாவற்றுக்கும் ஒரே குறி.

பதிவேடு என்றால் இப்போது செல்போன்தான். காலையில் பெயர் கூப்பிட்டு முடித்ததும் ஆசிரியர் செயலியைத் திறந்து வராதவர்களைக் குறிக்க வேண்டும். நெட்வொர்க் கிடைக்காத பள்ளியில் மாடிப்படி உச்சியில் போய் நின்று குறிப்பவர்களும் உண்டு. அங்கிருந்து விவரம் எமிஸ் என்று எல்லோரும் சொல்லும் கல்வி மேலாண்மைத் தகவல் தொகுப்புக்குப் போகிறது. பெற்றோருக்கு ஒரு குறுஞ்செய்தி போகிறது. போகும் எண் எது? ஆறாம் வகுப்பில் சேர்த்தபோது கொடுத்தது. அந்த சிம் இன்று யாரிடம் இருக்கிறதோ. அப்பா வேறு ஊரில் வேலை பார்க்கிறார் என்றால் செய்தி அவர் போனில் வங்கி விளம்பரங்களுக்கு நடுவே கிடக்கும். சில வீடுகளில் குடும்பத்து போனே பையன் கையில்தான். அவன் வராத செய்தியை அவனே படித்து அவனே அழித்துவிடுவான். தகவல் மேலே போவதில் குறை இல்லை. மாவட்ட அதிகாரி தன் மேசையிலிருந்தே எந்தப் பள்ளியில் இன்று எத்தனை பேர் என்று பார்க்கலாம். வராத பிள்ளையின் வீட்டு வாசல் வரை அது போகிறதா என்றால் இல்லை.

இதில் சட்டத்தின் பங்கும் இருக்கிறது. 2009இன் இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதைத் தடை செய்கிறது, குடும்பத் தொழில் போன்ற விலக்குகளோடு. 14 முதல் 18 வரை அபாயகரமான தொழில்களுக்கு மட்டுமே தடை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்புக்குள் ஒரு பிள்ளை காலெடுத்து வைக்கும் வயதில் பள்ளிக்கு வரவேண்டிய கட்டாயம் முடிகிறது, வேலைக்குப் போகும் அனுமதி தொடங்குகிறது. மேல்நிலைக் கல்வியில் இந்தியாவிலேயே முன்னால் நிற்பதாகப் பெருமைப்படும் மாநிலத்திலும் சட்டம் இதுதான். இலங்கை 2016இல் கட்டாயக் கல்வி வயதை 14இலிருந்து 16ஆக உயர்த்தியது. இங்கே அதைப் பற்றிய பேச்சு பெரிதாக எழவில்லை.

அந்த ஒன்பதாம் வகுப்பில்தான் இன்னொரு வேலையும் நடக்கிறது. எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்பதில் தமிழ்நாடு உறுதியாக நிற்கிறது. மத்திய அரசு 2024 டிசம்பரில் 5, 8ஆம் வகுப்புகளில் தோல்விக்கு வழிவிட்டபோதும் மாநிலம் மாறவில்லை. நல்ல முடிவு. ஆனால் அடுத்த ஆண்டே பத்தாம் வகுப்பு வாசலில் ‘நூறு சதவீதத் தேர்ச்சி’ என்ற பதாகை காத்திருக்கிறது. தேர்ச்சி விகிதம் தேர்வு எழுதியவர்களை வைத்துக் கணக்கிடப்படுவது. எழுத மாட்டான், எழுதினால் தேறமாட்டான் என்று தோன்றும் பையன் ஒன்பதாம் வகுப்போடு போய்விட்டால் பள்ளியின் சதவீதம் கூடும். யாரும் வெளிப்படையாகப் போகச் சொல்ல வேண்டியதில்லை. நாலு நாள் வராவிட்டால் தேடாமல் இருந்தால் போதும். ஐந்தாம் நாள் வந்தவனிடம் “இனி எதுக்குடா வர்றே? அப்பாவ வரச்சொல்லி டிசி வாங்கிக்கோ” என்று சொன்னால் இன்னும் சுலபம். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, தனியார் பள்ளி என்ற பேதம் இதில் கிடையாது.

இதற்கு ஒரு மாற்று அளவு சொல்ல முடியும். ஒவ்வொரு மே மாதமும் தேர்ச்சி விகிதத்தை வெளியிடும்போது, முந்தைய கல்வியாண்டில் அந்தப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்களில் எத்தனை பேர் இந்தப் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதினார்கள் என்பதையும் பக்கத்திலேயே போட வேண்டும். விவரம் எமிஸில் இருக்கிறது, புதிதாக யாரும் எதையும் திரட்ட வேண்டாம். பதாகை கட்டும் பள்ளிகளில் சில அவசரமாகக் கயிற்றை அவிழ்க்கும்.

*

வருகையைப் பற்றிப் பேசினால் நடத்தையைப் பற்றிப் பேசாமல் முடியாது. இரண்டும் ஒரே பிள்ளையின் இரண்டு பக்கங்கள் என்றாலும் பள்ளிக்கல்வித் துறையில் இரண்டும் வேறு வேறு கோப்புகள்.

ஒரு தலைமுறைக்கு முன்பு கோப்பே தேவைப்படவில்லை. பிள்ளையைச் சேர்க்க வரும் அப்பா வாத்தியாரிடம், “கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சுருங்க சார்” என்று சொல்லிவிட்டுப் போவார். ஒழுக்க விதிகளின் முழுப் பிரதியும் அந்த ஒரு வரிதான். இன்றைக்கும் பெற்றோர் கூட்டங்களில், “அப்பல்லாம் வாத்தியாருக்குப் பயம் இருந்துச்சு” என்று ஏங்குபவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயத்தால் பள்ளியை விட்டே ஓடியவர்கள் கூட்டத்துக்கு வந்து பேசுவதில்லை என்பதால் ஒரு பக்கக் கதைதான் நம் காதில் விழுகிறது.

தமிழ்நாடு கல்வி விதிகளில் 51ஆவது விதி 2003இல் திருத்தப்பட்டு, உடலையோ மனதையோ வருத்தும் தண்டனை கூடாது என்றானது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு அதையே நாடு முழுமைக்கும் சொன்னது. இருந்தும் 2024இல் சென்னை உயர் நீதிமன்றம், தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்களை நடைமுறைப்படுத்துங்கள் என்று மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. பிரம்பு போக வேண்டியதுதான்; அதில் பேரம் பேச ஒன்றுமில்லை. ஆனால் பிரம்பைப் பிடுங்கிய அரசு ஆசிரியர் கையில் வேறென்ன கொடுத்தது?

2012 பிப்ரவரியில் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் வகுப்பறையிலேயே தன் ஆசிரியையைக் குத்திக் கொன்றான். மாநிலமே உறைந்த அந்தச் சம்பவத்துக்குப் பிறகு மாணவர்களுக்கு மனநல ஆலோசனை வழங்க நடமாடும் மையங்கள் வந்தன. எத்தனை? பத்து வண்டிகள், அன்றைய 32 மாவட்டங்களுக்கு. ஒரு வண்டி மூன்று மாவட்டங்களைச் சுற்றி வந்தால் ஒரு பள்ளியில் ஒரு முறை நின்று பேசிவிட்டுப் போகலாம். அடுத்த முறை அது வருவதற்குள் அந்தப் பிள்ளைகள் பள்ளிப் படிப்பையே முடித்திருப்பார்கள்.

பிறகு 2022 கோடை. பள்ளிகள் மூடிக் கிடந்து திறந்திருந்த நேரம். ஒன்பது முதல் பன்னிரண்டு வரையான வகுப்புகள் 2021 செப்டம்பரில்தான் திரும்பியிருந்தன. வகுப்பறையில் பெஞ்சை உடைப்பது, ஆசிரியரை அடிக்கக் கையோங்குவது என்று ஒன்றன்பின் ஒன்றாகக் காணொளிகள் வாட்ஸப்பில் சுற்றின. மே மாதம் சட்டப்பேரவையில் பள்ளிக்கல்வி அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழி எச்சரித்தார்: ஒழுங்கீனமாக நடக்கும் மாணவர்கள் நீக்கப்படுவார்கள், காரணம் மாற்றுச் சான்றிதழிலும் நன்னடத்தைச் சான்றிதழிலும் குறிப்பிடப்படும். கைதட்டு விழுந்தது. ஆசிரியர்களின் கோபத்துக்கும் அச்சத்துக்கும் நியாயம் இருந்தது; நாற்பது பேர் பார்க்க அவமானப்பட்டு நிற்பவருக்கு யாராவது பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் 15 வயதுப் பையனின் சான்றிதழில் சிவப்பு மையால் எழுதி வெளியே அனுப்பினால் அவன் எங்கே போவான்? வேறு பள்ளி சேர்க்காது. ஒழுங்கீனம் பள்ளி மதிலுக்கு வெளியே போய்விட்டது, அவ்வளவுதான். ஊரில்தான் இருக்கும்.

நடைமுறையில் இடையில் எதுவுமே இல்லாததுதான் இங்கே குறை. ஒரு முனையில் “முட்டி போடு”, மறுமுனையில் டிசி. நடுவில் இருக்க வேண்டிய படிகள் எந்த அரசுப் பள்ளிச் சுவரிலும் எழுதி ஒட்டப்பட்டிருப்பதாகத் தெரியவில்லை. முதல் தடவை தவறினால் என்ன, இரண்டாம் தடவை யார் பேசுவார்கள், எப்போது பெற்றோர் அழைக்கப்படுவார்கள், எத்தனை நாள் வகுப்புக்கு வெளியே வைக்கலாம், அந்த நாட்களில் அவனுக்கு யார் பாடம் சொல்வார்கள், மேல்முறையீடு யாரிடம் என்று எதுவும் கண்ணில் படுவதில்லை. எல்லாமே அந்தந்தத் தலைமை ஆசிரியரின் மனநிலையையும் அன்றைய வெயிலையும் பொறுத்தது. விதி எழுதப்படாத இடத்தில் தலைமுடிதான் விதியாகிறது. பாக்ஸ் கட்டிங், ஒன் சைடு, கோடு போட்ட புருவம் இவற்றோடு பல பள்ளிகள் நடத்தும் போர் காலை வணக்கக் கூட்டத்திலேயே தொடங்கிவிடுகிறது. சலூன்காரரைப் பள்ளிக்கே வரவழைத்து வரிசையாக வெட்டிவிட்ட செய்திகள் உண்டு; சலூன் கடைகளுக்குக் கடிதம் கொடுத்த தலைமை ஆசிரியர்கள் உண்டு. முடி ஒழுங்காக இருப்பதில் தவறில்லை. ஆனால் காலை 9 மணிக்கே ஆசிரியர் தன் அதிகாரத்தையெல்லாம் முடியில் செலவழித்துவிட்டால், 11 மணிக்குக் கடைசி பெஞ்சில் ஒருவன் இன்னொருவனைச் சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது அவரிடம் மிச்சம் என்ன இருக்கும்?

நாங்குநேரி அதைத்தான் காட்டியது.

2023 ஆகஸ்ட். திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியைச் சேர்ந்த பட்டியல் சாதி மாணவர் ஒருவர், வள்ளியூரில் பிளஸ் டூ படித்தவர், சில நாட்களாகப் பள்ளிக்குப் போகவில்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளை. பள்ளியிலிருந்து விசாரித்தார்கள். ஏன் வரவில்லை என்று கேட்டபோது விஷயம் வெளியே வந்தது: ஆதிக்க சாதியைச் சேர்ந்த சக மாணவர்கள் தொடர்ந்து தொல்லை கொடுத்திருக்கிறார்கள். புகார் பள்ளிக்குப் போனது. ஆகஸ்ட் 9 இரவு அந்த மாணவர்கள் அரிவாளோடு வீட்டுக்குள் புகுந்தார்கள். அண்ணனை வெட்டினார்கள், தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு.

இந்தச் சம்பவம் சாதி வன்முறையாக நிறையப் பேசப்பட்டிருக்கிறது. அப்படித்தான் பேசப்பட வேண்டும். ஆனால் பள்ளி நிர்வாகக் கண்ணோடு ஒரு தடவை வாசித்துப் பார்த்தால் வேறொன்றும் தெரியும். வருகைப் பதிவேடு தன் வேலையைச் செய்திருந்தது. ஒரு பிள்ளை வரவில்லை என்று சொன்னது. ஆசிரியரும் தன் வேலையைச் செய்தார், ஏன் என்று கேட்டார். அதோடு கையிருப்பு தீர்ந்துவிட்டது. புகார் சொன்ன மாணவரை யார் பாதுகாப்பது, புகாருக்கு ஆளானவர்களிடம் யார், எப்படிப் பேசுவது, அன்று மாலை வீடு திரும்பும் வழியில் என்ன நடக்கலாம் என்பதற்கெல்லாம் பள்ளியிடம் ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. மட்டம் போட்டது பாதிக்கப்பட்டவர்; நாள் தவறாமல் வந்தவர்கள் தொல்லை கொடுத்தவர்கள். 75 சதவீத விதியின் கண்ணில் யார் ஒழுங்கான மாணவர்?

அந்த மாணவர் நீண்ட சிகிச்சைக்குப் பிறகு 2024இல் தேர்வெழுதி 600க்கு 469 எடுத்தார். ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு அமைத்த ஒருநபர் குழு 2024 ஜூனில் 600 பக்கங்களுக்கு மேற்பட்ட அறிக்கையை முதல்வரிடம் கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, கையில் கலர் கயிறு, மோதிரம் கூடாது, சாதி அடையாள வண்ணம் பூசிய சைக்கிள் கூடாது, அகர வரிசையில் உட்கார வையுங்கள் என்று நீளும் பரிந்துரைகளில் ஒன்று இந்தக் கட்டுரைக்கு நெருக்கமானது: வருகைப் பதிவேட்டில் மாணவரின் சாதி குறித்த எந்த விவரமும் இருக்கக் கூடாது. தினமும் வகுப்பில் திறக்கப்படும் புத்தகத்தில் அது ஏன் இருந்தது என்ற கேள்விக்கு உதவித்தொகை, புள்ளிவிவரம் என்று அலுவலகக் காரணங்கள் சொல்லப்படும். அலுவலகத்துக்கு வேண்டியது அலுவலகத்தில் இருக்கட்டும்.

கயிறு பற்றிய பரிந்துரைக்கும் முன்கதை உண்டு. 2019இலேயே பள்ளிக்கல்வி இயக்குநர், சாதியை அடையாளம் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பினார். எதிர்ப்பு கிளம்பியது. பழைய நடைமுறையே தொடரும் என்று அன்றைய அமைச்சர் சொல்லிவிட, சுற்றறிக்கை கிடப்பில் போனது. நான்கு ஆண்டு கழித்து நாங்குநேரி. இரண்டுக்கும் நேர்க்கோடு போட முடியாது என்பது உண்மைதான். ஆனால் முடி வெட்டச் சொல்லும் துணிச்சல் கயிற்றை அவிழ்க்கச் சொல்ல வரவில்லை என்பதும் உண்மை.

*

வெளியே பார்த்தால் இரண்டு வழிகள் தெரிகின்றன. ஒன்று அபராதம். இங்கிலாந்தில் பத்துப் பள்ளி வாரங்களுக்குள் அனுமதியின்றி ஐந்து நாள் பிள்ளை வராவிட்டால் பெற்றோருக்கு அபராதம் விதிக்கலாம். 2024 ஆகஸ்டிலிருந்து அது 80 பவுண்டு, 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. பருவத்துக்கு நடுவில் மகளை ஃபுளோரிடாவுக்குச் சுற்றுலா அழைத்துப்போன தகப்பன் ஒருவர் அபராதம் கட்ட மறுத்து உச்ச நீதிமன்றம் வரை போய் 2017இல் தோற்றார். இவ்வளவு கெடுபிடிக்குப் பிறகும் அங்கே பத்தில் ஒரு பங்குக்கு மேல் வகுப்பைத் தவறவிடும் பிள்ளைகள் கொரோனாவுக்கு முன் ஏறத்தாழ பத்தில் ஒருவராக இருந்து, பிறகு ஐந்தில் ஒருவர் ஆனார்கள். சுற்றுலா போகும் குடும்பத்தை அபராதம் தடுக்கலாம். பயந்துபோய் அறைக்கதவைச் சாத்திக்கொண்ட பிள்ளையை அது வெளியே கொண்டுவரவில்லை.

இன்னொன்று தில்லியில் அரசுப் பள்ளிகளில் 2021இல் தொடங்கியது. தொடர்ந்து ஏழு நாள் வராத மாணவர்களின் பட்டியல் தானாகவே குழந்தை உரிமை ஆணையத்துக்குப் போனது. அங்கிருந்து குடும்பத்துக்கு போன் போனது, தேவைப்பட்டால் ஆள் போனார். காரணம் நோயா, வேலையா, வீட்டுச் சண்டையா என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. யாரோ ஒருவர் கேட்டார் என்பதுதான்.

தமிழகப் பள்ளிகளில் இதற்கான உறுப்புகள் எல்லாம் ஏற்கெனவே சிதறிக் கிடக்கின்றன. 14417 என்ற உதவி எண் இருக்கிறது. ‘மாணவர் மனசு’ பெட்டி இருக்கிறது. அதன் சாவி யாரிடம் என்பது பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். ஊர் ஆட்களைக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழு கூடுகிறது. இல்லாதது வகுப்பாசிரியரின் நேரம். செயலியில் வருகை, செயலியில் மதிய உணவுக் கணக்கு, செயலியில் நலத்திட்டம் என்று விரல் தேய்கிற ஆசிரியரிடம் “மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்ப் பார்” என்று சுற்றறிக்கை அனுப்பினால் அவர் சிரிப்பார், சரியாகவே சிரிப்பார். எழுத்தர் வேலையை எழுத்தரிடம் கொடுத்துவிட்டு அந்த ஒரு மணி நேரத்தை வகுப்பாசிரியருக்குத் திருப்பிக் கொடுத்தால் மாதம் நாலைந்து வீட்டுக்காவது போய் வர முடியும். வாசலில் வாத்தியார் வந்து நின்றால் இன்றைக்கும் நம் ஊரில் நாற்காலியைத் துடைத்துப் போடுகிறார்கள். குறுஞ்செய்திக்கு அந்த மரியாதை கிடையாது.

சோற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவர உணவைப் போல ஒன்றில்லை என்று காமராஜர் காலத்திலேயே கண்டுகொண்ட மாநிலம் இது. எம்.ஜி.ஆர். 1982இல் தொடங்கிய சத்துணவு பிறகு பத்தாம் வகுப்பு வரை நீண்டது. 2022 செப்டம்பரில் வந்த காலை உணவுத் திட்டத்தால் தொடக்கப் பள்ளிகளில் வருகை கூடியிருப்பதாக மாநிலத் திட்டக் குழு ஆய்ந்து சொன்னது. ஆனால் பத்தாம் வகுப்பில் தேறி அதே பள்ளியில், அதே கட்டடத்தில் பிளஸ் ஒன் போகும் பிள்ளைக்கு மதிய உணவு நின்றுவிடுகிறது. அரசு அந்த வயதில் சைக்கிள் கொடுக்கிறது, பாடநூல் கொடுக்கிறது, பஸ் பாஸ் கொடுக்கிறது. கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாயும் கொடுக்கிறது. நடுவில் இரண்டு ஆண்டு மட்டும், வளர்ச்சிக்கு அதிகம் சோறு கேட்கும் வயதில், தட்டு இல்லை. கேட்டரிங் போகும் பையன்கள் பலருக்கு அங்கே கூலியோடு வயிறாரச் சாப்பாடும் கிடைக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு விதியே வேண்டாம் என்று முடித்தால் அது இன்னொரு அநியாயம். வகுப்பில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து பாடம் கேட்க நினைக்கும் பெண்ணுக்கு அமைதியான வகுப்பறையை எதிர்பார்க்கும் உரிமை இருக்கிறது. அவளுக்கு டியூஷன் கிடையாது. அந்த 45 நிமிடம்தான் எல்லாம். பின்னால் இருவர் கூச்சலிட்டு அதைக் கெடுத்தால் அவர்களைக் கண்டிக்கத்தான் வேண்டும், தேவையானால் சில நாள் வகுப்புக்கு வெளியே வைத்துத் தனியே பாடம் சொல்லத்தான் வேண்டும். கண்டிப்பு என்பது முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்த, எல்லோருக்கும் ஒரே மாதிரியான ஒன்றாக இருக்கட்டும். ஜூன் மாதம் சேர்க்கையின்போது ஒரே ஒரு பக்கம், நல்ல தமிழில்: பிள்ளையிடம் பள்ளி எதிர்பார்ப்பது இவை, தவறினால் படிப்படியாக நடப்பது இவை, பிள்ளை பள்ளியிடம் எதிர்பார்க்கலாம் என்பவை இவை. பெற்றோர், மாணவர், தலைமை ஆசிரியர் மூவர் கையெழுத்தும் அதில் வேண்டும். கையெழுத்துப் போடத் தெரியாத தாய்க்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

அந்தப் பக்கத்தில் டிசிக்கு இடம் இருக்கக் கூடாது. எமிஸில் ஒரு மாணவருக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்ததும் அவர் பெயர் பள்ளிக் கணக்கிலிருந்து கழன்று, ஆசிரியர்கள் ‘காமன் பூல்’ என்று சொல்லும் பொதுத் தொகுப்புக்குப் போகிறது. வேறு பள்ளி சேர்த்துக்கொள்ளும்வரை அங்கேயே கிடக்கிறது. ஜூலை முடிந்த பிறகும் அங்கே கிடக்கும் 14, 15 வயதுப் பெயர்களைப் பள்ளிவாரியாக, ஒன்றியவாரியாகப் பிரித்துப் பார்க்க ஒரு மணி நேரம் போதும். எந்தப் பள்ளியிலிருந்து அதிகம் போயிருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். சேர்த்துக்கொள்ளும் பள்ளியின் பெயர் உறுதியாகும்வரை ஒழுங்கு நடவடிக்கையாக எந்த டிசியும் அச்சாகக் கூடாது என்று மென்பொருளிலேயே பூட்டுப் போட முடியும். அதைப் போட ஓர் அரசாணை போதும். வட்டாரக் கல்வி அலுவலர் ஒருவர் அந்தப் பட்டியலில் மிஞ்சும் ஒவ்வொரு பெயருக்கும் பொறுப்பேற்று, ஆகஸ்ட் மாதப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஊரார் முன்னால் பதில் சொல்லட்டும்.